கூப்பிடு தூரத்தில் ஒரு மிதிவண்டி

மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளின் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டு செல்வது பங்குக் குருக்களின் நெடுநாள் வழக்கம். அவ்வாறு செல்லும்போது கட்டிலில் படுத்திருப்பவரை எல்லாரும் காண்கிறோம். அவருடைய நெற்றியில் சிலுவை அடையாளம் வரைகிறோம். இரவு உறக்கம் வந்ததா, உணவு செல்கிறதா என்று வினவுகிறோம். கதவைத் திறந்துவிட்டவரை, மேசையில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தவரை, ஒரு கரண்டித் தண்ணீர் எடுத்து வந்தவரை யாரும் வினவுவதில்லை. வினவினாலும் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். "எனக்கென்ன சாமி, நான் நல்லாத்தான் இருக்கேன்." அவ்வாறு சொல்பவரின் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்கும். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கும். தமக்குரிய இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து பத்து நாளாகியிருக்கும்; நோயாளியின் மாத்திரையோ ஒரு வேளையும் தவறியிராது.

நோயாளியைப் பேணுகின்ற இவரைக் குறித்தே இக்கட்டுரை. அவருக்கு நான் சொல்ல விரும்பும் யோசனை மிக எளியது. சிலருக்கு நகைப்பாகவும் தோன்றலாம். வீட்டு மூலையில் தூசி படிந்து நிற்கும் மிதிவண்டியைத் துடைத்து, காற்றடைத்து, வீட்டைச் சுற்றியே நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஓட்டுங்கள் என்பதே அது. யோசனை என்னுடையதன்று. எங்கள் பங்கில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடம் நான் கற்றுக்கொண்டது.

அவருடைய மனைவிக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து ஆறாண்டுகள் ஆகின்றன. திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களும் அதிகாலையில் புறப்பட்டு அரசு மருத்துவமனைக்குச் சென்று நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்புவார்கள். (ஆகையால் அவ்வீட்டுக்கு மட்டும் முதல் வெள்ளி, முதல் சனியாக மாறியிருக்கிறது.) திரும்பி வந்த அம்மையார் அன்று முழுவதும் துவண்டு கிடப்பார். மறுநாள் சற்றுத் தெளிவார். அதற்கடுத்த நாள் மீண்டும் வண்டி ஏற வேண்டும்.

வீட்டிலிருக்கும் நாட்களில் ஆசிரியருக்கு ஓய்வு என்று எண்ணிவிட வேண்டாம். சிறுநீர் கழிவது ஏறத்தாழ நின்றுபோன உடம்பில், பருகும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கும். கால் வீங்கும், மூச்சு முட்டும். எனவே ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மருத்துவர் அளந்து சொன்ன தண்ணீரைக் காலையிலேயே ஒரு குப்பியில் ஊற்றி வைத்துவிடுகிறார். மாத்திரை விழுங்குவது, காப்பி, குழம்பு, மோர் அனைத்தும் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். உப்பு குறைய வேண்டும். வாழைப்பழமும் இளநீரும் ஆகா. இடக்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அறுவை செய்திருக்கிறார்கள். அவ்விடத்தில் தினமும் காலையில் விரல் வைத்துப் பார்த்தால் உள்ளே சிலிர்ப்புப் போன்ற ஓர் அதிர்வு தெரிய வேண்டும். தெரியாவிடில் உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, இறுக்கமாக வளையல் அணியக் கூடாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் கூடாது. நாற்பதாண்டு காலம் கரும்பலகையில் சுண்ணக்கட்டி பிடித்த விரல்கள் இப்போது நாள்தோறும் இந்த வேலையைச் செய்கின்றன.

இந்த நோயின் வரலாற்றை ஒரு சொல் கூற வேண்டும். 1943-ஆம் ஆண்டு, ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்து நாட்டில், வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர், இறைச்சி அடைக்கப் பயன்படும் செலோபேன் குழலை ஓர் உருளையில் சுற்றி நடைமுறைக்கு உகந்த முதல் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றோர் பெரும்பாலும் பிழைக்கவில்லை. 1945-இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்தெழுந்தார். ஆயினும் மீண்டும் மீண்டும் இச்சிகிச்சை செய்து ஒருவரை ஆண்டுக்கணக்கில் வாழ வைக்க வழி பிறந்தது 1960-இல், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் கண்ட முறையால்தான். அதற்கு முன்னர் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்கள் சில வாரங்களில் இறந்து போயினர். இல்லத்தார் சில வாரங்கள் கண்விழித்தனர். பின்னர் அடக்கம் செய்து அழுது தேறினர். இன்றோ அதே நோயோடு ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழ்கின்றனர். இது கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டிய காரியம். ஆனால் சில வாரங்கள் கண்விழிப்பதற்கென்று நம் முன்னோர் வகுத்து வைத்த வழக்கங்களைக் கொண்டு பத்தாண்டு காலம் கண்விழிக்க முடியுமா? உண்ணாமல், உறங்காமல், வெளியே தலைகாட்டாமல் நோயாளியின் அருகிலேயே இருப்பதுதான் அன்பு என்ற எண்ணம் குறுகிய நோய்க் காலத்துக்குப் பொருந்தும். நீண்ட நோய்க்கு அது பொருந்தாது.

இதை மருத்துவ ஆய்வாளரும் கண்டிருக்கின்றனர். 1999-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, 66 முதல் 96 வயது வரையுள்ள முதியோரை நான்காண்டு காலம் கவனித்து வந்தது. நோயுற்ற கணவரையோ மனைவியையோ பேணிக்கொண்டு, அதனால் மனமும் உடலும் நைந்து போனவர்கள் அக்காலத்தில் இறந்துபோகும் வாய்ப்பு, அத்தகைய சுமை இல்லாதோரைக் காட்டிலும் 63 விழுக்காடு மிகுதியாக இருந்தது. அதே ஆய்வில், பேணுகின்ற பணியைச் செய்தும் நைந்து போகாதவர்களிடம் அத்தகைய மிகுதி தெளிவாகத் தென்படவில்லை. ஆக, ஆளைக் கொல்வது நைந்து போதலேயன்றிப் பணிவிடை அன்று. 1995-இல் வெளியான வேறோர் ஆய்வில், மறதி நோயுற்ற உறவினரைப் பேணிய பதின்மூன்று பெண்களுக்கும், அத்தகைய பொறுப்பில்லாத பதின்மூன்று பெண்களுக்கும் கையில் ஒரே அளவான சிறு காயம் உண்டாக்கி, ஆறும் நாளைக் கணக்கிட்டனர். முதல் வகையினருக்கு ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. சிறு எண்ணிக்கைதான், ஆயினும் நம் வீட்டுப் பெண்களின் கைகளில் ஆறாத எண்ணெய்ச் சூட்டுப் புண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

இனி ஆசிரியரின் மிதிவண்டிக்கு வருவோம்.

மூன்றாண்டுகளுக்கு முன் அவருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறிவிட்டன. தினமும் நடக்க வேண்டும் என்றார் மருத்துவர். நடந்தால் முழங்கால் வலித்தது. மேலும், நடையில் அரைமணி நேரம் போனால் திரும்பி வர அரைமணி நேரம் ஆகும், அதற்குள் வீட்டில் ஏதேனும் நேர்ந்தால் என்ன செய்வது என்ற அச்சம். அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போன பழைய ஹெர்குலிஸ் அவர் கண்ணில் பட்டது. உடலின் எடையை இருக்கை தாங்கிக்கொள்வதால் மிதிவண்டியில் முழங்காலுக்குச் சுமை குறைவு. அச்சத்துக்கு மருந்தாக அவர் ஒரு கணக்குப் போட்டார். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அவர் வரைந்த படத்தை எனக்கும் காட்டினார்.

வீட்டை நடுப்புள்ளியாகக் கொண்டு ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 6.3 கிலோமீட்டர். வீட்டிலிருந்து வட்டத்துக்குச் செல்ல ஒன்று, திரும்ப ஒன்று. ஆக மொத்தம் 8.3 கிலோமீட்டர். மணிக்கு 12 கிலோமீட்டர் என்ற நிதானமான வேகத்தில் ஓட்டினால் நாற்பது நிமிடத்துக்குச் சற்றே கூடும். இந்த நேரம் முழுவதிலும் எந்த இடத்தில் இருந்தாலும் வீடு ஒரு கிலோமீட்டர் தொலைவில்தான். பாதை நேராக இராது என்று கொண்டு, ஒன்றரைக் கிலோமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், எட்டு நிமிடத்துக்குள் வந்து சேரலாம். அதே 8.3 கிலோமீட்டரை ஒரே சாலையில் நேராகப் போய்த் திரும்பினால், நடுவழியில் வீடு நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடும். அவசரத்துக்கு இருபது நிமிடம் ஆகும். "போற தூரம் ஒண்ணுதான் சாமி, ஆனா கூப்பிட்ட குரலுக்கு வர்ற தூரம் வேற" என்றார்.

ஊரில் வட்டமான சாலை எங்கே இருக்கிறது? எனவே அவருடைய பாதை ஒரு கோணல் பலாப்பழம் போல் அமைந்தது. கோயில் தெரு, வாய்க்கால் கரை, கூட்டுறவுச் சங்கக் கிடங்கு, ஏரிக்கரை, அம்மன் கோயில் பின்புறம், மீண்டும் எங்கள் கெபியருகே வந்து வீடு. ரயில் பாதைக்கு அப்பால் நல்ல தார்ச்சாலை இருக்கிறது. அப்பக்கம் அவர் போவதே இல்லை. கேட் அடைத்துவிட்டால் கால் மணி நேரம் நிற்க நேரும் என்பது காரணம். நெடுஞ்சாலையும் விலக்கு. சட்டைப் பையில் கைப்பேசி. வண்டியின் பின்னால் கைப்பம்பு. பஞ்சர் ஆனால் வண்டியை அங்கேயே பூட்டி வைத்துவிட்டு நடந்து வந்துவிடுவது என்று முடிவு. பஞ்சர்க் கடை திறக்கும் வரை காத்திருப்பதில்லை. அவர் வெளியே இருக்கும் நேரத்தில் எதிர்வீட்டு இந்து மூதாட்டி முறத்தோடு வந்து அவர்கள் திண்ணையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். கட்டிலருகே ஒரு வெண்கல மணி உண்டு. ஒலித்தால் மூதாட்டி உள்ளே போவார். தேவைப்பட்டால் ஆசிரியருக்கு அழைப்பார்.

டயாலிசிஸ் இல்லாத நான்கு நாட்களில், நாற்பது நிமிடம் வீதம் வாரத்துக்கு 160 நிமிடம் ஆகிறது. வயது வந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்புக் கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஆசிரியர் அதைப் படித்துவிட்டுத் தொடங்கவில்லை. கணக்கு தானே ஒத்துப் போயிற்று.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அம்மையாரின் உறவினர் ஒருவர் கெபியருகே என்னை நிறுத்தினார். "சாமி, அவ அங்க உசுரக் கையில பிடிச்சிக்கிட்டுக் கிடக்கா. இவரு காலங்காத்தால காத்து வாங்கச் சைக்கிள்ல ஊரச் சுத்துறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சொல்கிறேன் என்றேன், ஆனால் அவரிடமே சொன்னேன். "வரும் செவ்வாய் காலை ஆறு மணிக்கு நீங்கள் போய் அந்த வீட்டில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருங்கள், எதிர்வீட்டு ஆத்தாளுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கட்டும்." மனிதர் போனார். இரண்டு வாரம் போனார். பிறகு இடுப்பு வலி என்று நின்றுவிட்டார். எனினும் அதற்குப் பின் அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வரவில்லை.

மாற்கு எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஒரு செய்தி உண்டு. ஆண்டவர் ஒரு மாலைப்பொழுதில் ஊரிலுள்ள நோயாளிகள் பலரைக் குணமாக்குகிறார். மறுநாள் விடியுமுன் எழுந்து தனிமையான ஓர் இடத்துக்குப் போய்விடுகிறார். சீடர்கள் அவரைத் தேடிக்கொண்டு ஓடுகின்றனர். ஊரில் நோயாளிகள் தீர்ந்துபோய் அவர் தனிமைக்குச் செல்லவில்லை. இப்பகுதி வாசிக்கப்படும் ஞாயிறுகளில் அவருடைய அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறோம். அவர் வெளியே சென்ற அந்த விடியற்காலையைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

அம்மையாரிடமே ஒரு நாள் கேட்டேன், தனியே விடப்படுவது அச்சமாக இல்லையா என்று. அவர் சற்று நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு போயிட்டு வரட்டும் சாமி. நாள் முழுக்க என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தாருன்னா எனக்குத்தான் பயமா இருக்கு. அந்த நேரத்துல நானும் எம்பாட்டுக்குக் கொஞ்சம் படுத்திருப்பேன்ல." நோயாளிக்கும் தனிமை தேவை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. யாரோ ஒருவர் எந்நேரமும் நம் மூச்சை எண்ணிக்கொண்டு அருகில் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் அது நோயைவிடப் பெரிய வேதனையாகிவிடும். ஆசிரியர் திரும்பி வந்ததும் அவர் கேட்கும் முதற்கேள்வி, "ஏரியில தண்ணி எந்தப் படி வரைக்கும் இருக்குங்க?" என்பதாம். எந்த வயலில் நாற்று விட்டிருக்கிறார்கள், யார் வீட்டு வாசலில் பந்தல் கால் ஊன்றியிருக்கிறார்கள், கோயில் மதிலில் வெள்ளை அடித்தாயிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஆறாண்டுகளாக மருத்துவமனைச் சாலையைத் தவிர வேறு சாலை காணாதவருக்கு ஊர் அந்த மிதிவண்டியில்தான் வந்து சேர்கிறது. கேள்விகள் இருப்பதை அறிந்த பின் ஆசிரியரும் கவனித்துப் பார்த்து வரத் தொடங்கினார்.

இங்கே தாய்மார்கள் என்னைக் கேட்கலாம்: ஆண்பிள்ளை சைக்கிளில் சுற்றிவருவதற்கே இத்தனை பேச்சு என்றால், எங்கள் கதி என்ன? கேள்வி நியாயமானது. நான் செல்லும் வீடுகளில் நோயாளியைப் பேணுவோர் பெரும்பாலும் பெண்களே. மனைவி, மகள், மருமகள். 1991-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினர். கேலி பேசிய ஊர்கள் சில ஆண்டுகளில் பேச்சை மறந்தன. இன்று சைக்கிளில் போகும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை மட்டும் மறையாமல் நிற்கிறது. பெண் சைக்கிளில் போனால் ஏதாவது வேலையாகப் போக வேண்டும். பால் வாங்க, ரேஷன் கடைக்கு, பிள்ளையைப் பள்ளியில் விட. தன் உடம்புக்காகவும் மனத்துக்காகவும் போகிறேன் என்று சொல்ல அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை.

எங்கள் பங்கில் மறதி நோயுற்ற மாமியாரைப் பேணும் மருமகள் ஒருத்தி இருக்கிறாள். மூதாட்டி இரவில் எழுந்து நடப்பார். மகனையே யாரென்று கேட்பார். மருமகளை மட்டும் 'அம்மா' என்று அழைப்பார். வீட்டுப் பெண் குழந்தைக்குப் பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டி ஒன்று உண்டு. மருந்துக்கடைக்குப் போகும்போது அதை எடுத்துச் செல்லும் அந்தப் பெண், திரும்பும்போது கடைத்தெரு வழியாக வராமல் வாய்க்கால் கரையைச் சுற்றி வருவாளாம். கடை ஐந்து நிமிடத் தொலைவு. சுற்றினால் இருபத்தைந்து நிமிடம். இதனை அவளே என்னிடம், ஏதோ பாவத்தைச் சொல்வதுபோல் தாழ்ந்த குரலில் சொன்னாள். நான் அவள் கணவரை அழைத்து, "தம்பி, படுத்திருப்பது உன்னைப் பெற்றவர். காலையில் நீ வேலைக்குப் புறப்படுமுன் அரைமணி நேரம் தாயோடு நீ உட்கார்ந்திரு, அவள் மருந்துச் சீட்டு இல்லாமலே போய் வரட்டும்" என்றேன். முதலில் தலையைச் சொறிந்தார். இப்போது உட்காருகிறார். தாய்க்குத் தலைவாரிவிடவும் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். மறதி நோயாளியைத் தனியே விட்டுச் செல்வது ஆபத்து என்பதால், இத்தகைய வீட்டில் மாற்று ஆள் இல்லாமல் அரைமணி நேரமும் வெளியேறக் கூடாது. கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார்கள், அடுப்பைத் திருகிவிடுவார்கள்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில நாட்கள், மூச்சுத் திணறல், வலிப்பு, குளிர்காய்ச்சல், நினைவு தடுமாற்றம், உணவு புரையேறுதல் ஆகியவை உள்ள நாட்கள் மிதிவண்டிக்குரிய நாட்கள் அல்ல. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குத் திடீரென மூச்சு வாங்கினாலோ கைகால் தளர்ந்தாலோ தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே உதவிக்கு அழைக்க வேண்டும். வண்டி ஓட்டப்போகிறவரும் தம் உடம்பை ஒரு முறை மருத்துவரிடம் காட்டிக்கொள்வது நல்லது. நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் இறங்கிவிட வேண்டும். விடியுமுன் ஓட்டுவோர் முன்விளக்கும், பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்பானும் பொருத்திக்கொள்ளட்டும். டயரில் காற்றுக் குறைந்தால் ஓட்டுபவரின் மூச்சு வீணாகும். தெருநாய் துரத்தினால் வேகம் கூட்டாமல் நிறுத்தி இறங்குவதே பல வேளைகளில் நலம். இது குருமட மாணவனாயிருந்தபோது கிளைக் கிராமங்களுக்கு மறைக்கல்வி கற்பிக்கச் சைக்கிளில் போய் வந்த அனுபவத்தில் சொல்வது.

மிதிவண்டிப் பயணிகளுக்குப் பாதுகாவலியாகத் திருச்சபையில் மாதாவின் ஒரு திருப்பெயரே உண்டு என்பதைப் பலர் அறியார். வட இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலுள்ள மலையில் கிசல்லோ மாதா ஆலயம் இருக்கிறது. 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். உள்ளே சுவரெங்கும் பந்தய வீரர்களின் வண்டிகள் தொங்குகின்றன. 1995-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் பந்தயத்தில் மலைச் சரிவில் விழுந்து இறந்த காசர்த்தெல்லி என்ற இளைஞனின் நொறுங்கிய வண்டியும் அவற்றுள் ஒன்று. பந்தயக்காரருக்கு மட்டுமா பாதுகாவலி? கேரியரில் மருந்துப் பையோடு வாய்க்கால் கரையில் வரும் நம் வீட்டுப் பெண்ணுக்கும்தான்.

இனி நோயில்லாத வீட்டாருக்கு ஒரு சொல். நோயாளியைப் பார்க்கப் போகிறோம். பழம் வாங்கிக்கொண்டு போகிறோம். சிறுநீரக நோயாளிக்கு வாழைத்தாரும் இளநீர்க் குலையும் கொண்டு செல்வது, அன்பினால் செய்தாலும், உயிருக்கே தீங்காகலாம். அவற்றிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்பு இதயத்துடிப்பையே நிறுத்திவிடக் கூடியது. ஒரு மணி நேரம் அமர்ந்து, நமக்குத் தெரிந்தவர் யார் யார் இதே நோயில் இறந்தார்கள் என்று விவரிக்கிறோம். பேணுகிறவர் நமக்குக் காப்பி போட்டுத் தருகிறார். எழுந்து வரும்போது, "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்கிறோம். அவர் சொல்லமாட்டார். அதற்குப் பதிலாக, "செவ்வாய் காலை ஆறு மணி முதல் ஆறே முக்கால் வரை நான் இங்கே இருக்கிறேன், நீங்கள் வெளியே போய் வாருங்கள்" என்று நாளும் நேரமும் குறித்துச் சொன்னால் அது உதவி. போய் அமர்ந்தால் பேச வேண்டுவதில்லை. நோயாளி விரும்பினால் செபமாலை சொல்லலாம். விரும்பாவிடில் சும்மா இருக்கலாம். மரியாயின் சேனை உறுப்பினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் வீடு சந்திக்கும் பணியில் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் விருப்பம்.

அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவப் பணி, பின்னர் மலப்புறம் முதலிய இடங்களில் அக்கம்பக்கத்தார் கைக்கே வந்து சேர்ந்தது. கடைக்காரரும் ஆசிரியரும் மாணவரும் பயிற்சி பெற்று வாரத்தில் சில மணி நேரத்தைப் படுக்கை நோயாளிகளுக்குத் தருகின்றனர். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ்ச் செவிலியர் வீட்டுக்கே வந்து படுக்கை நோயாளிகளைப் பார்க்கின்றனர். அத்தகைய வீட்டார் தம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். செவிலியர் புண்ணைக் கழுவிக் கட்டுவார், மாத்திரை தருவார். பேணுகிறவர் வெளியே போய் வரும்வரை உட்கார்ந்திருக்க அவரால் ஆகாது. அது அயலார் செய்ய வேண்டியது. முடக்குவாதக்காரனை ஆண்டவரிடம் தூக்கி வந்தவர்கள் நால்வர் என்று நற்செய்தி எண்ணிச் சொல்கிறது. கட்டிலின் நான்கு மூலைக்கும் ஆள் வேண்டியிருந்தது.

சென்ற தவக்காலத்திலிருந்து ஆசிரியரின் மனைவிக்கு உடல்நிலை மேலும் தளர்ந்திருக்கிறது. இதயம் வலுவிழந்துவிட்டது, சிகிச்சையின் நடுவே இரத்த அழுத்தம் சரிந்து இரண்டு முறை இயந்திரத்தை நிறுத்தினார்களாம். நோயில்பூசுதல் அளித்தேன், தெளிவோடு பெற்றுக்கொண்டார். ஒரு கிலோமீட்டர் கூட இப்போது தொலைவாகத் தோன்றுகிறது என்று ஆசிரியர் சொன்னபோது, மிதிவண்டியை நிறுத்திவிட்டாரோ என்று எண்ணினேன். இல்லை. நாட்காட்டித் தாளில் வேறொரு வட்டம் வரைந்திருக்கிறார். "ஆரத்தைப் பாதியாக்கிட்டேன் சாமி. ரெண்டு தடவை சுத்துறேன். சுத்துற தூரம் அதேதான்." இந்தச் சிறிய வட்டத்துக்குள் ஏரிக்கரை வராது. ஆகவே தண்ணீர் எந்தப் படியில் இருக்கிறது என்பதைப் பால்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைகிறார்.

எதிர்வீட்டு மூதாட்டி பேரனைப் பார்க்கத் திருப்பூருக்குப் போயிருக்கிறார். வர இரண்டு மாதம் ஆகும். பங்கில் ஆள் கேட்டு அறிவிப்புச் செய்தோம். செவ்வாய்க்கிழமைக்கு இளைஞர் இயக்கத்துப் பெண் ஒருத்தி பெயர் கொடுத்திருக்கிறாள். சனிக்கிழமைக்கு, இடுப்பு வலி என்று நின்றுபோன அதே உறவினர் தாமாகவே வந்து பெயரை எழுதச் சொன்னார். ஞாயிறு மாலைக்கு நம் மருமகளும் அவள் கணவரும் முறைவைத்து வருகிறார்கள். வியாழக்கிழமைக்கு இன்னும் யாரும் கிடைக்கவில்லை.